சம்பந்தி வண்டி பின்னால் வருகிறது

பிப்ரவரி 4

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம், என் தையல் மிஷின் நலம், காது மட்டும் வழக்கம்போல. உங்கள் தோள்பட்டை வலி தேவலையா? போன வாரம் போனில் நீங்கள் ரொம்ப நேரம் என்னவோ சொன்னீர்கள். நானும் "சரி சரி" என்று தலையாட்டினேன். எதற்குச் சரி சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. கடையை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தால் அதுவும் உங்களுக்குப் போயிருக்கும். அதனால் இனிமேல் நமக்குள் எழுத்துதான்.

என் மகள் எல்லாம் எழுதினாள். ஒரு நர்ஸே ஆஸ்பத்திரிப் படியில் உருண்டு தொடையெலும்பை உடைத்துக்கொள்வதை நான் இவளிடம்தான் பார்க்கிறேன். மாப்பிள்ளை கப்பலில். எனக்கோ பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற நேரம், கடையை விட்டு அசைய முடியவில்லை. இந்த நேரத்தில் நீங்கள்தான் அவளைத் தினமும் ஏரிக்கு அழைத்துப் போய் டாக்டர் சொன்னபடி தண்ணீரில் நடக்க வைக்கிறீர்களாம். பெற்றவள் செய்ய வேண்டியது. லீவு முடிவதற்குள் ஊன்றுகோலை விட்டு நிற்காவிட்டால் அவளை வார்டிலிருந்து எடுத்து ஆபீஸ் நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். நோயாளிகளை விட்டுவிட்டு அவளால் இருக்க முடியாது என்பது உங்களுக்கும் தெரியும். உங்களுக்குக் கோடி நன்றி.

இப்படிக்கு,
உங்கள் அரைச் செவிட்டுச் சம்பந்தி


பிப்ரவரி 13

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

இங்கே நானும் மருமகளும் சுகம். உங்கள் சுகத்தையும் காதின் சுகத்தையும் எழுதவும். போனில் நான் சொன்னது என் படகைப் பற்றி. நீங்கள் "சரி" சொன்னதும் உங்களுக்கும் படகு பிடித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். போகட்டும்.

நன்றியெல்லாம் எதற்கு? போகிற வழியில் இறக்கிவிடுகிறேன், அவ்வளவுதான். நான் மீன் பிடிக்கப் போகிறேன், அவள் நடக்கப் போகிறாள், இரண்டுக்கும் ஒரே இடம். ஏரிக்கரை முழுக்கக் கல். பக்கத்தில் படிக்கட்டு இருக்கிறது, ஆனால் பாசி படிந்து, பிடிக்கக் கம்பியும் இல்லாமல் கிடக்கிறது. படகு இறக்குகிற சிமெண்ட் சரிவில்தான் கால் ஊன்றி மெல்ல இறங்க முடியும். அதனால் நீச்சல்காரர்கள், குழந்தை குட்டிகள், நாயைக் குளிப்பாட்டுகிறவர்கள் எல்லோரும் அங்கேதான். எருமை மாதிரி நடுச் சரிவில் உட்கார்ந்துகொண்டு, ஹாரன் அடித்தால் முறைக்கிறார்கள். சரிவு பொதுச் சொத்து என்கிறார்கள். நான் மட்டும் என்ன தனிச் சொத்து என்றா சொன்னேன்?

மற்ற படகுக்காரர்கள், வண்டிக்குப் பின்னால் படகை வைத்து இழுத்து வருகிற ட்ரெய்லரைத் தண்ணீருக்குள் தள்ள ஒரு ஆளைக் கீழே நிறுத்தி, "வா வா, இன்னும் வா" என்று கத்த வைக்கிறார்கள். எனக்கு அது வேண்டாம். வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவன். கண்டக்டர் தூங்கினாலும் பஸ்ஸை நூல் பிடித்த மாதிரி ரிவர்ஸ் எடுப்பேன். டிப்போவில் எனக்கு 'பின்கண்ணன்' என்றே பெயர்.

மருமகள் இடுப்பளவு தண்ணீரில் நன்றாக நடக்கிறாள். எனக்கு நீச்சல் தெரியாது என்பதால் கரையிலிருந்தே மேற்பார்வை.

இப்படிக்கு,
சம்பந்தி


பிப்ரவரி 22

மதிப்பிற்குரிய பின்கண்ணனுக்கு,

வணக்கம். நலமே. படகையும் ஆளையும் ஒரே சரிவில் இறக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் ஒரு கோழை, தையல் ஊசியைக்கூட எண்ணித்தான் எடுத்து வைப்பேன். ஆனால் கூட இருப்பது நீங்கள் என்பதால் தூக்கம் வருகிறது. முட்டி இப்போது எவ்வளவு மடங்குகிறது என்று மட்டும் எழுதுங்கள். மறுபடியும் நன்றி. நீங்கள் வேண்டாம் என்றாலும் நான் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

இப்படிக்கு,
சம்பந்தி


மார்ச் 14

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

சுகம். பதில் தாமதமாகிவிட்டது. இங்கே மழை. மருமகள் நன்றாகச் சாப்பிடுகிறாள். பழைய ஊன்றுகோல் சரியில்லை என்று புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். நன்றி என்று இனி எழுத வேண்டாம், தயவுசெய்து.

இப்படிக்கு,
சம்பந்தி


மார்ச் 16

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பாக்கியைப் படிக்கும்போது நடுநடுவே இந்த வரிக்குத் திரும்பி வந்து பார்த்துக்கொள்.

வழக்கமாக மாமா முதலில் படகை இறக்குவார், வண்டியை மேலே ஏற்றி நிறுத்துவார், அதன் பிறகுதான் நான் தண்ணீரில் இறங்குவேன். இந்த மாத ஆரம்பத்தில் ஒரு நாள் படகு இறக்க வரிசை நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை, முதலில் இறங்கிவிட்டேன். "நீ ஓரமா நட, நான் இந்தப் பக்கமா இறக்கிடறேன்" என்றார். ஓரத்தில் பாசி வழுக்கியதால் நான் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வந்துவிட்டேன். அது என் தப்பு, மாமாவிடமும் சொன்னேன், அவர் காதில் வாங்கவில்லை.

கண்ணாடியில் திடீரென்று என்னைப் பார்த்திருக்கிறார். பதறிப்போய் ஸ்டியரிங்கை ஒடித்தார். பஸ்ஸாக இருந்தால் பின்பக்கம் என்னை விட்டு விலகியிருக்கும். ரிவர்ஸில் ட்ரெய்லருக்கு எல்லாமே தலைகீழ், அம்மா. நீ வலது பக்கம் ஒடித்தால் அது இடது பக்கம் போகும். மாமாவுக்கு அது தெரியும், தினமும் செய்கிறவர்தான். ஆனால் பயம் வந்ததும் கை பழைய பஸ்ஸுக்குப் போய்விட்டது. படகோடு ட்ரெய்லர் நேராக என்மேல் வந்தது. ஏரி கேட்டில் நிற்கிற காவலாளி ஓடி வந்து வண்டி முகப்பில் ஓங்கி அறைந்தார். நான் ஊன்றுகோலை விட்டுவிட்டுப் பக்கத்தில் சாய்ந்து விழுந்தேன். ஊன்றுகோல் மேல் சக்கரம் ஏறி நின்றது.

மாமா செருப்போடு தண்ணீரில் குதித்தார். என்னைப் பிடித்துத் தூக்கி, "அம்மாடி, கால் இருக்காம்மா?" என்று கேட்டார். "இருக்கு மாமா, ரெண்டும் இருக்கு" என்று சொல்லி நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து சரியாகப் பேசவும் இல்லை.

எனக்கு ஒரு சிராய்ப்புதான். ஆனால் தண்ணீர் ஓரம் வரை போய்த் திரும்பி வந்துவிடுகிறேன், இறங்க முடியவில்லை. முட்டி மறுபடி இறுகுகிறது என்று டாக்டர் திட்டினார்.

அவர் உனக்கு எழுதமாட்டார். எழுத முடியாது என்று நினைக்கிறேன். உன்னிடம் மறைக்க எனக்கு மனசில்லை, ஆனால் நீ அவரிடம் கேட்காதே.

உன் மகள்


மார்ச் 20

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன், பிறகு அன்றைக்கு எடுக்கவே இல்லை. முதல் வரிக்கு எத்தனை தடவை திரும்பிப் போனேன் என்று கேட்காதே.

சீருடையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். துணிமணியை எடுத்து வைத்துக்கொள், உன்னை இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். பின்கண்ணனாம். முன்னால் இருக்கிற கண்ணே ஒழுங்காகத் தெரியவில்லை. அவருக்கு நான் எழுதிய நன்றியையெல்லாம் திருப்பி வாங்கிக்கொள்ள வழி இருந்தால் சொல்.

உன் அம்மா


மார்ச் 25

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். வெள்ளிக்கிழமை வராதே என்று, மாமா காதில் விழாமல் காவலாளி வீட்டு போனிலிருந்து கத்தினேனே, அது உனக்குப் புரிந்ததா அல்லது அதற்கும் "சரி சரி"யா என்று தெரியவில்லை. நீ வராததால் புரிந்தது என்று எடுத்துக்கொள்கிறேன். காரணத்தை இப்போது எழுதுகிறேன்.

திங்கட்கிழமை மாமா என்னை எழுப்பினார். ஏரிக்குப் போகலாம் என்றார். படகைக் கட்டவில்லை, அது தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. சரிவில் வண்டியை விட்டு இறங்கி, ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டார். அது அவருக்கு இரண்டு அளவு சின்னது, பட்டன் போடவே காவலாளி முட்டி போட்டு இழுக்க வேண்டியிருந்தது. நீச்சல்காரர்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். மாமாவுக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றாலே உயிர் போகும், உனக்குத் தெரியும்தானே. மார்பளவு தண்ணீர் வரை போனார். நடுச் சரிவுக்கும் ஓரத்துக்கும் இடையில், படகுகள் வருகிற பக்கம் பார்த்து நின்றார். உதடு நீலமாகிவிட்டது. என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"நீ எறங்குமா. எந்த வண்டி வந்தாலும் மொதல்ல என்னைத் தாண்டணும்."

இறங்கினேன், அம்மா. ஊன்றுகோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அன்றிலிருந்து தினமும் நிற்கிறார். அவர் நிற்கிறவரைக்கும் எந்தப் படகுக்காரரும் சரிவில் கால் வைப்பதில்லை. இந்த மனிதரை விட்டுவிட்டு நான் எங்கே வருவது?

உன் மகள்


ஏப்ரல் 6

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? ஏரித் தண்ணீர் காலையில் ஜில்லென்று இருக்குமாமே, ஈரத்தோடு நிற்காமல் தலையைத் துவட்டிக்கொள்ளுங்கள்.

நன்றி எழுத வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். எழுதத்தான் போகிறேன். என் மகளை நீங்கள் பார்த்துக்கொள்கிற மாதிரி நானே பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். நன்றி சம்பந்தி, மனமார்ந்த நன்றி.

சுமாரான அளவில் ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். மிதவைச் சட்டை சிலருக்கு இடுப்பில் பிடிக்கும் என்று கேள்விப்பட்டேன். பக்கவாட்டில் வைத்துத் தைக்க நாடா, கொக்கி, எல்லாம் உள்ளே இருக்கிறது.

இப்படிக்கு,
சம்பந்தி


ஏப்ரல் 29

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

சுகம். நாடா கிடைத்தது, இப்போது மூச்சு விட முடிகிறது. காதைப் புது டாக்டரிடம் காட்டப் போகிறீர்கள் என்று மருமகள் சொன்னாளே, அவர் என்ன சொன்னார்?

உடனே பதில் எழுதாததற்குக் காரணம், உட்கார்ந்தால் உங்கள் கடிதத்தின் நன்றி என்கிற வார்த்தையைத் தாண்டி என் பேனா போகவில்லை. அதை விடுங்கள், வேறு விஷயம் எழுதுகிறேன்.

தண்ணீரில் நின்றுகொண்டே சரிவைப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. இத்தனை நாள் மேலேயிருந்து ஹாரன் அடித்தவன். கீழே நிற்கிறவனுக்கு வண்டியின் பின்பக்கம் ஒரு வீடு இடிந்து வருகிற மாதிரி இருக்கிறது. நானும் காவலாளியும் படகுக்காரர்களிடம் ஒவ்வொருவராகப் பேசினோம். சாமான் ஏற்றுவது, கட்டு அவிழ்ப்பது எல்லாம் மேலே நிறுத்துகிற இடத்திலேயே முடித்துக்கொண்டுதான் சரிவுக்கு வர வேண்டும். ஜன்னலை இறக்கிவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு, கீழே ஒரு ஆள் நின்று கை காட்டினால்தான் பின்னால் எடுக்க வேண்டும். அந்த ஆளும் வண்டிக்கு நேர் பின்னால் நிற்கக் கூடாது, ஓட்டுகிறவர் கண்ணாடியில் தெரிகிற ஓரத்தில் நிற்க வேண்டும். பக்கத்தில் ஆள் இருக்கும்போது படகு இன்ஜினை முடுக்கவே கூடாது. பாதிப் பேர் ஒத்துக்கொண்டார்கள். மீதிப் பேர், "உனக்கென்னப்பா, நீதான் பின்கண்ணன்" என்று சிரித்தார்கள். நான் அடுத்த வண்டிக்காரரிடம் போனேன்.

நீச்சல்காரர்களிடம் பேசுவது இன்னும் கஷ்டம். ஒரு அம்மாள், நான் பொறந்ததிலிருந்து இங்கேதான் குளிக்கிறேன் என்றார். நீங்க குளிங்கம்மா, நடுவுல உட்கார்ந்து தலை துவட்டாதீங்க, அவ்வளவுதான் என்றேன். ஓரத்தில் கயிறு கட்டி மிதவை போட்டோம். அதற்கு உள்ளே நடப்பவர்களும் நீந்துபவர்களும், வெளியே படகு. பாசியை நானும் காவலாளியும் தேய்த்துவிட்டோம். நகராட்சிக்கு நடையாய் நடந்ததில் படிக்கட்டுக்குக் கம்பி போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். போட்டால்தான் நிச்சயம்.

மருமகள் நேற்று ஊன்றுகோலைக் கரையில் வைத்துவிட்டு நடந்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். அழுதால் மிதவைச் சட்டை நனையும் என்று பயமில்லை, அது ஏற்கெனவே நனைந்துதான் இருந்தது.

இப்படிக்கு,
சம்பந்தி


மே 8

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். காது டாக்டர் ஒரு மிஷின் கொடுத்தார். அதை மாட்டினால் என் மருமகன் வயசுப் பையன்கள் தெருவில் பேசுவதெல்லாம் கேட்கிறது, கழற்றி வைத்துவிட்டேன். மற்றபடி நலம்.

சீருடையெல்லாம் கொடுத்தாகிவிட்டது. அடுத்த வாரம் வருகிறேன். மகளைக் கூட்டிப் போக இல்லை, பார்க்கத்தான். என்னைப் படகில் ஒரு சுற்று அழைத்துப் போக வேண்டும். போனில் அன்றைக்கே சரி சொல்லிவிட்டேனாமே, சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற வேண்டாமா? நன்றியை நேரில் வந்து சொல்கிறேன்.

இப்படிக்கு,
சம்பந்தி


மே 24

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

சௌகரியமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்ததா? இங்கே நாங்கள் சுகம். மருமகள் திங்கட்கிழமை வார்டுக்குப் போனாள், நடந்தே. கொஞ்சம் சாய்ந்து நடக்கிறாள், அது போகப் போகச் சரியாகிவிடுமாம். வீட்டுக்கு வந்து கட்டிலில் விழுந்து, "மாமா, கால் விண்ணு விண்ணுங்குது, எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா" என்றாள்.

நீங்கள் இருந்தபோது கேட்க நினைத்து, கேட்காமல் விட்டதை எழுதுகிறேன்.

படகு வேண்டாம், இன்ஜின் சரியில்லை என்று நான் சாக்குச் சொன்னேன். நீங்களே போய்த் தார்ப்பாயை இழுத்தீர்கள். ஏரியில் என்னை வண்டியில் உட்கார வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி மருமகளிடம் கொடுத்து, முழங்கால் அளவு தண்ணீரில் போய் ஓரமாக நின்றீர்கள். கண்ணாடி முழுக்க உங்கள் முகம். இரண்டு மாதத்துக்கு மேல் ட்ரெய்லரைக் கட்டி ரிவர்ஸ் எடுக்காத ஸ்டியரிங். பிரேக்கிலிருந்து என் கால் எழவில்லை. மேலே வரிசையில் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள், நான் இறங்கிவிடலாம் என்றுகூடக் கதவைத் திறந்தேன். அப்போது நீங்கள் சொன்னீர்கள்.

"எந்தப் பக்கம் ஒடிக்கணும்னு பதட்டப்படாதீங்க சம்பந்தி. மெதுவா வாங்க. நான் கை தூக்கினா நிறுத்துங்க, அவ்வளவுதான்."

வந்தேன். நீங்கள் கை தூக்கினீர்கள், நிறுத்தினேன். படகு தண்ணீரில் இறங்கியது.

எந்தப் பக்கம் ஒடிப்பது என்பதைப் பற்றி நான் உங்களுக்கு ஒரு வரி எழுதியதில்லை. உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும்? தெரிந்துகொண்டேவா அத்தனை நன்றி எழுதினீர்கள்? ஒவ்வொரு கடிதத்தையும் பிரிக்கும்போது நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
சம்பந்தி


ஜூன் 2

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். ஜன்னலோரம் கிடைத்தது. நான் நலம், நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன்.

மார்ச்சிலிருந்தே தெரியும். அவள் எழுதினாள், அவளைக் கோபிக்காதீர்கள். நான் உங்களைத் திட்டிய திட்டு உங்கள் ஊர் வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். மூட்டையும் கட்டிவிட்டேன். பிறகு அடுத்த கடிதம் வந்தது, மூட்டையை அவிழ்த்தேன்.

மன்னித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் நீங்கள் என் முன்னால் தலையைக் குனிந்தே இருந்திருப்பீர்கள், ஆயுசுக்கும். எனக்கு நிமிர்ந்து பேசுகிற சம்பந்திதான் வேண்டும். வேறு சம்பந்தி எனக்குக் கிடையாது.

நன்றியைப் பற்றிக் கேட்டீர்கள். பிப்ரவரியில் எழுதியதெல்லாம் மரியாதைக்கு. பெண்ணைக் கொடுத்த வீட்டுக்கு யாரும் எழுதுவதுதான், நீங்கள் இல்லாமல் வேறு யார் இருந்தாலும் எழுதியிருப்பேன். ஏப்ரலில் எழுதினேனே, அதுதான் நான் உங்களுக்கு எழுதிய முதல் நன்றி.

இப்படிக்கு,
சம்பந்தி